பதினொரு போல்ட்டும் மாப்பிள்ளை வீட்டு வேனும்

ஒரு வேலையை முழுதாகத் தெரிந்தவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. ஒன்றுமே தெரியாதவர்களாலும் பெரிய ஆபத்தில்லை. அவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது நொடி மட்டும் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கையில் மட்டும் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், மூன்று வருடம் நானே அப்படி ஒருத்தியாக இருந்தேன்.

ஓசூரில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் எனக்கு வேலை. (பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) இன்ஜின் பூட்டுகிற லைனில் நாற்பத்திரண்டு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு பெண். பதினாலாவது என்னுடையது. இன்ஜின் நகர்ந்து வந்து என் முன்னால் நிற்கும். பக்கவாட்டில் கிளட்ச் கவர் என்கிற மூடி ஏற்கனவே மூடியிருக்கும், பதினொரு போல்ட்டும் துளைகளில் உட்கார்ந்திருக்கும். மேலே தொங்குகிற, போல்ட் முடுக்குகிற கன்னை இழுத்து ஒவ்வொரு போல்ட்டின் மேலும் வைத்து அழுத்துவேன். இறுக்கம் சரியாக வந்ததும் கன் ‘டக்’ என்று தானே நின்றுவிடும். பச்சை லைட் எரியும். பதினொரு டக், பதினொரு பச்சை, நாற்பது நொடி. அந்த இன்ஜின் போய்விடும், அடுத்தது வரும்.

இதை ஊரில் போய் எப்படிச் சொன்னேன் தெரியுமா? “நான் இன்ஜின் செய்றன்.”

ஊர் சாமல்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் கடலைக் காடு. நான் சொன்னதை அம்மா ரேஷன் கடை வரிசையில் சொல்ல, அங்கிருந்து அது ஊரைச் சுற்றி வந்து, நான் தனி ஆளாக ஒரு ஷிப்டுக்கு அறுநூறு இன்ஜின் செய்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. நான் மறுக்கவில்லை. மறுப்பானேன்? கேட்க நன்றாகத்தானே இருந்தது.

அப்பாவிடம் ஒரு பழைய நூறு சிசி வண்டி இருந்தது. எனக்கும் அதற்கும் ஒரே வயது. என்னைவிட அது அதிகமாக அழும். நின்ற இடத்தில் எல்லாம் எண்ணெய் சொட்டும். வாசலில் அது நிற்கிற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்து, அம்மா கோலத்தை இரண்டடி தள்ளிப் போட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அப்பா வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு கொட்டாங்குச்சி வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் இறங்கி இன்ஜினுக்கு அடியில் கொட்டாங்குச்சியை வைப்பார், அப்புறம்தான் வணக்கம் சொல்வார். “பேக்கிங் போயிருக்குதுங்க, மாத்திடலாம்” என்று மெக்கானிக் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அசையவில்லை. “ஒழுகுதுன்னா உள்ளாற எண்ணெய் இருக்குதுன்னு அர்த்தம். ஒழுகலன்னாதான் பயப்படணும்” என்பது அவர் கட்சி.

எட்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம். ஒரு புதன்கிழமை ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா போன் செய்தார்.

“ஞாயித்துக்கெழம உன்னப் பாக்க வராங்க கண்ணு. அத்த கொண்டாந்த எடம். கிருஷ்ணகிரி. மாம்பழக் கூழ் கம்பெனில சூப்பர்வைசராம். மாசிக்குள்ள கல்யாணத்த முடிக்கணும்னு நிக்கறாங்க. ஓசூர் வேலய வுட்டுடணுமாம்.”

அந்த வாரம்தான் லைனில் பயிற்சிக்கு ஆள் எடுத்திருந்தார்கள். ஒரு வருடம், நாற்பத்திரண்டு ஸ்டேஷனிலும் நின்று முழு இன்ஜினும் கற்றுக்கொள்ளலாம். முடித்தால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நடுவில் நின்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். பட்டியலில் என் பெயர் இருந்தது. பிளஸ் டூவில் பாஸானபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“ஒரு வருஷம் டைம் கேளுங்கப்பா.”

“எதச் சொல்லிக் கேக்கறது?”

“பொண்ணு இன்ஜின் வேல கத்துக்கறான்னு சொல்லுங்க.”

“மூணு வருஷமா நீதான் இன்ஜினே செய்யறன்னு சொன்ன. இன்னும் கத்துக்கறதுக்கு என்னாத்த வெச்சிருக்கற?”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இன்னும் ஒரு படி மேலே ஏறினேன்.

“சரிப்பா. நம்ம வண்டி ஒழுகறத நானே நிறுத்திக் காட்டறன். அப்ப நம்புவீங்களா?”

அப்பா சிரித்தார். “பந்தயமா? ஒழுகாம ஓடுச்சின்னா, வர்றவங்ககிட்ட ஒரு வருஷம் நானே கேக்கறன். ஒழுகுச்சின்னா அவங்க சொல்ற தேதிக்கு நீ தலையாட்டணும். சரியா?”

“சரி” என்றேன். (திமிர். வேறென்ன?)

ஓசூரிலேயே அந்த வண்டிக்கான கேஸ்கட்டை வாங்கிக்கொண்டேன். மெக்கானிக் பேக்கிங் என்று சொல்வது இதைத்தான்: இன்ஜினுக்கும் மூடிக்கும் நடுவில் வைக்கிற, மெல்லிய அட்டை மாதிரி ஒரு சாமான். எண்ணெய் வெளியே வராமல் பிடிப்பது அதுதான். சனிக்கிழமை காலை ஊருக்குப் போய் இறங்கி, அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்காக அம்மா அப்போதுதான் சாணம் தெளித்து வாசலைப் பளிச்சென்று வைத்திருந்தாள்.

போல்ட்டுகளைக் கழற்றுவதில் ஒரு சிக்கலும் இல்லை. பதினொன்றையும் கழற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். மூடியை இரண்டு தட்டு தட்டி இழுத்தேன். அவ்வளவுதான். உள்ளே இருந்த எண்ணெய் மொத்தமும் கறுகறுவென்று வாசலில் இறங்கி, அம்மாவின் காலடி வரைக்கும் போய் நின்றது.

“எண்ணெய எறக்காம யாராச்சும் தொறப்பாங்களா?” என்றார் அப்பா.

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் லைனில் வருகிற இன்ஜினில் எண்ணெயே இருக்காது. எண்ணெய் ஊற்றுவது நாற்பதாவது ஸ்டேஷன். நான் முகத்தை மாற்றாமல், “பழைய எண்ணெய இப்படித்தான்ப்பா எடுக்கணும். கம்பெனி முறை” என்றேன். அம்மா துடைப்பத்தை எடுத்து வந்தாள். அது வாசலுக்கா எனக்கா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அடுத்து, பழைய கேஸ்கட். அது இன்ஜினோடு வெந்து அப்பிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அப்புறம்தான் கிண்ணத்தைப் பார்த்தேன். பதினொரு போல்ட்டும் ஒரே நீளம் இல்லை. குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று ரகம். எது எந்தத் துளையில் இருந்தது? சாமிக்குத்தான் வெளிச்சம். மெக்கானிக்குகள் ஒரு அட்டையில் மூடியைப் போலவே படம் வரைந்து, போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டுக்குள் போய் மஞ்சுளாவுக்குப் போன் செய்தேன். ஆனேக்கல் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் என் அறைத்தோழி, எனக்கு முந்தைய பதிமூன்றாவது ஸ்டேஷனில் போல்ட் வைக்கிறவள்.

“மஞ்சு, கிளட்ச் கவர்ல நெட்டை போல்ட் எந்த ஓட்டையில வரும்?”

“நனகேனு கொத்து சுகந்தி?” என்றாள். (எனக்கென்ன தெரியும் என்று கன்னடத்தில் சொல்கிறாள். மூன்று வருடமாக அந்த வேலையை மட்டும் செய்கிறவள்!) “லைட்டு எந்த டப்பா மேல எரியுதோ அதுலருந்து எடுப்பேன். லைட்டு எந்த ஓட்டையில காட்டுதோ அங்க வெப்பேன். அவ்ளோதான் நம்ம வேல.”

“சரி, பழைய கேஸ்கட்ட எப்படி எடுக்கறது?”

“இரு, பன்னெண்டாவது ஸ்டேஷன் கவிதா இங்கதான் சோறு தின்னுட்டிருக்கா. ஸ்பீக்கர்ல போடறேன்.”

கவிதா மென்றுகொண்டே சொன்னாள்: “கேஸ்கட் வெக்கறது நான்தாங்க்கா. ஆனா எடுக்கத் தெரியாது. நம்ம லைன்ல எல்லாமே புது இன்ஜின்தானக்கா? பழசு எங்கருந்து வரும்?”

அதற்குள் அறையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டேஷன். ஒருத்திக்குக் கிக்கர் மட்டும் தெரியும். ஒருத்திக்கு ஸ்டிக்கர் ஒட்ட மட்டும் தெரியும். “ஸ்டிக்கர் வேணுமாக்கா?” என்று அன்பாகக் கேட்டாள். வருடத்துக்கு லட்சக்கணக்கில் வண்டி போகிற கம்பெனியின் இன்ஜின் லைன் பாதி அந்த அறையில் உட்கார்ந்திருந்தது. ஒரு பழைய வண்டியின் மூடியை மூடத் தெரிந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. எங்களுக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது. முதலில் மஞ்சுளா சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“விடு சுகந்தி, தைரியமா மூடு. பதினாலு உன்னுது. அதுல உன்ன அடிச்சிக்க ஆளு இல்ல” என்றாள் மஞ்சுளா.

அது உண்மைதானே! அந்தத் தெம்பில் அம்மாவின் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய கேஸ்கட்டைச் சுரண்டினேன். முக்கால்வாசி வந்தது. மிச்சம் வரவில்லை. மேலே புதுசு உட்கார்ந்தால் வெளியே தெரியவா போகிறது? புதுசை வைத்தேன், மூடியை மூடினேன், போல்ட்டுகளைக் குத்துமதிப்பாகச் செருகினேன். பிறகு ஸ்பேனரை எடுத்தேன். இது என் சாம்ராஜ்யம். ஆனால் சாதா ஸ்பேனர் தானாக நிற்காது, பச்சை லைட்டும் எரியாது. எந்த இடத்தில் நிறுத்துவது? என் காதுக்கு ‘டக்’ கேட்க வேண்டும். கேட்கவே இல்லை. பத்து போல்ட்டையும் கை வலிக்கிற மட்டும் இறுக்கினேன். பதினொன்றாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன்.

டக்!

“ஓகே!” என்று கத்தினேன், பழக்க தோஷத்தில். ஸ்பேனரை எடுத்தால் போல்ட்டின் தலையும் கூடவே வந்துவிட்டது. உடம்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

அப்பா கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குழாய் ஒட்டுகிற பேஸ்ட்டைக் கொஞ்சம் எடுத்து, தலையை இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். பார்வைக்குப் பதினொரு போல்ட்டும் லட்சணமாக இருந்தன. இதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது.

கிளப்பப் போனபோது அம்மா கேட்டாள், “எண்ணெய் ஊத்துனியாடி?”

ஊற்றவில்லை. நாற்பதாவது ஸ்டேஷன் எங்கள் வீட்டில் இல்லையே!

“அடுப்புல சட்டிய வெச்சா எண்ணெய் ஊத்தணும்னு எனக்கே தெரியுது. இவ இன்ஜின் செய்யறாளாம்” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள். அன்றைக்கு அந்த இன்ஜினைக் காப்பாற்றியது அவள்தான்.

எண்ணெய் ஊற்றிக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினோம். அடியில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்பா தாளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஹாஸ்டலுக்குச் செய்தி சொன்னேன். அங்கே விசில் அடித்தது சாமல்பட்டி வரை கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அப்பா பந்தயத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். “நின்ன எடத்துல எது வேணும்னாலும் ஒழுகாது. ஓட்டிப் பாக்கணும். ரயில்வே கேட்டு வரைக்கும் போயிட்டு வந்துடலாம், ஏறு.”

பத்தரைக்குத்தானே வருகிறார்கள் என்று, அதே எண்ணெய்ச் சட்டையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் என் வலது கால் கதகதவென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒட்டிய தலையைக் காணோம். மூடியின் ஓரமாக எண்ணெய் வழிந்து அப்பாவின் செருப்பு, வேட்டிக் கரை, என் கணுக்கால் என்று எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம், சாமி, ஒரே ஒரு வருடம் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். அதுவரைக்கும் காற்றில் பறந்துகொண்டிருந்த எண்ணெய், இப்போது நிதானமாகச் சூடான சைலன்சர் மேல் ஊற்ற ஆரம்பித்தது. பாருங்கள் ஒரு புகை! எதிரே கேட் தெரியவில்லை, முன்னால் இருந்த அப்பா தெரியவில்லை.

“ஐயோ, வண்டி பத்திக்கிச்சி!” என்று பக்கத்தில் நின்ற வேனிலிருந்து ஒரு அம்மா அலறினார். வேன் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் குதித்து, கேட் ரூம் வாசலில் தொங்கிய சிவப்பு பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து, அதிலிருந்த மணல் மொத்தத்தையும் இன்ஜின் தலையில் கொட்டினார்.

எனக்கு வந்ததே கோபம். “அறிவிருக்கா உங்களுக்கு? கண்ணு தெரியல? தீயா எரியுது? எண்ணெய்ப் பொகைய்யா அது! கேஸிங்குள்ள மண்ணு போச்சின்னா யாரு வந்து கழுவறது, நீங்க வருவீங்களா?”

அந்த ஆள் காலி பக்கெட்டோடு திருதிருவென்று விழித்தார். வேனுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கிருஷ்ணகிரி அத்தை.

“அடியே... சுகந்தியா நீ?”

அத்தைக்குப் பின்னால் மல்லிகைப்பூ, பழத்தட்டு, பட்டுப்புடவைகள். வேன்காரருக்கு இன்னொரு டிரிப் இருந்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். பக்கெட் ஆள்தான் மாப்பிள்ளை. அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை ‘அறிவிருக்கா’.

ஓடி ஒளியலாம் என்றால் கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் ரயில் வந்தது. அதற்கென்ன, அவசரமா? ஒவ்வொரு பெட்டியாக, எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டே போனது. அப்பாவின் வெள்ளை வேட்டியில் முழங்கால் வரைக்கும் எண்ணெய். என் மூக்கில், காதில், தலையில் எண்ணெய். அலறிய அம்மாதான் மாப்பிள்ளையின் அம்மா. கடைசிப் பெட்டி போனதும் அவர் மெதுவாக அத்தையிடம் கேட்டார்: “இன்ஜின் செய்யற பொண்ணுன்னு சொன்னீங்களே, இதுதானா?”

அத்தை பழத்தட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

வண்டியை அப்பாவும் மாப்பிள்ளையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள், நான் பின்னால் நடந்தேன், எனக்குப் பின்னால் வேன் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தது. ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்தும் கறை போகாத கையோடு, புடவை கட்டி, காபித் தட்டோடு போய் நின்றேன். ஒவ்வொரு டம்ளரிலும் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு, “மாசில ஒரு நல்ல நாள் பாத்து வெச்சிருக்கறோம். பொண்ணுக்குச் சம்மதமா?” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பந்தயம் பந்தயம்தான். வண்டி ஒழுகிவிட்டது. தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆட்டத்தான் போனேன், அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

“எனக்கு இன்ஜின் செய்யத் தெரியாதுங்க. பொய் சொல்லிட்டன். பதினோரு போல்ட்ட டைட் பண்ண மட்டும்தான் தெரியும். அதுவும் கன் இருந்தாத்தான். அதுக்கு முன்னாடி என்னா, அதுக்கப்புறம் என்னா, ஒன்னும் தெரியாது. ஒரு போல்ட்ட ஒடச்சி, பேஸ்ட் வெச்சி ஒட்டிட்டன். இப்பத்தான் முழுசாக் கத்துக்க எடம் கெடச்சிருக்குது, நாப்பத்திரண்டு ஸ்டேஷனும்...”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். (எண்ணெய்த் துண்டு. முகம் இன்னும் கறுத்தது.) பிறகு அவர்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“மன்னிச்சிக்கணும்ங்க. எனக்கு ஒரு வருஷம் டைம் வேணும். பொண்ணு போயி மிச்ச இன்ஜினையும் கத்துக்கிட்டு வரட்டும். அரகொறையா மூடி அனுப்புனா எங்கியாச்சும் ஒழுகும்ங்க.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டபடி, “நியாயம்தாங்க” என்றார். அதே மாசியில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது, குடும்பத்தோடு போனோம், பஸ்ஸில். சாப்பாடு பிரமாதம்.

அவர்கள் வேன் கிளம்பியதும் அப்பாவிடம் கேட்டேன். “ஒழுகுச்சேப்பா. நீங்கதானே ஜெயிச்சீங்க?”

“ஆமா, நான்தான் ஜெயிச்சன். ஜெயிச்சவன் இஷ்டம், என்னா வேணா கேப்பன்” என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருமே எண்ணெய், அதனால் வழுக்கியது.

அந்த ஒரு வருடத்தில் நாற்பத்திரண்டு ஸ்டேஷனும் கற்றுக்கொண்டேன். முடித்த வாரமே ஊருக்குப் போய், எண்ணெயை முறையாக இறக்கி, உடைந்த போல்ட்டை எடுத்து, மணலைக் கழுவி, கேஸ்கட்டை மாற்றினேன். இன்றுவரை ஒரு சொட்டு கிடையாது. இப்போது லைனில் புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அதற்கடுத்த வருடம் ஓசூரிலேயே வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவரின் வீட்டிலிருந்து பெண் கேட்டார்கள். அப்பா போனில் அவர்களிடம் சொன்னது அம்மாவுக்கு இன்னும் மனப்பாடம்: “பொண்ணு முழு இன்ஜினும் தெரிஞ்சவ, தாராளமா வாங்க. ஆனா ரயில்வே கேட்டு வழியா மட்டும் வராதீங்க. எங்களுக்கு ராசியில்ல.” அவர்களும் பயபக்தியோடு பாலம் வழியாக ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வந்தார்கள். அவர்தான் என் கணவர்.

இப்போதும் ஊருக்குப் போனால் அவர் அந்தப் பாலத்து வழியாகத்தான் போவார். கேட் திறந்துதான் கிடக்கிறது என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். “மாமா சொல்லியிருக்காரு” என்று வண்டியைத் திருப்பிவிடுவார். முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் நாலு வயது மகள், ஏன் சுற்றிப் போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கதை முடியவும் அம்மா வீடு வரவும் சரியாக இருக்கும். போன முறை அவர் சொன்னபோது மணல் மூன்று பக்கெட் ஆகியிருந்தது.